ஒன்பது வருடமாக எங்கள் வீட்டு டேபிள்டாப் கிரைண்டர்

கல்யாணமாகி வடவள்ளிக்கே குடிவரப்போகும் சித்தி மகள் போன வாரம் கேட்டாள்: "அக்கா, உங்கள் வீட்டில் இருக்கிற அதே கிரைண்டரை வாங்கிக்கொள்ளட்டுமா?" அன்று காலையில்தான் என் கிரைண்டரின் பெல்ட் அறுந்திருந்தது. நான்கு நாள் பழுதுக்கடையில் கிடந்துவிட்டு, புது பெல்ட்டோடு நேற்று வீடு திரும்பியது.

குறை சொன்னால் நாக்கு கூசும். ஒன்பது வருடத்தில் இதுதான் முதல் செலவு. உளுந்து பஞ்சு போலப் பொங்கி வருகிறது. மிக்சியில் ஆட்டுவதுபோல் மாவு சூடாவதில்லை; மறுநாள் புளித்து நிற்பதைப் பார்த்தாலே தெரியும். 1955-இல் சபாபதி என்பவர் முதல் கிரைண்டரைச் செய்தது இந்தக் கோவையில்தான். ஊத்துக்குளிக் கல்லின் பெருமையும், கோவை கிரைண்டருக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் இங்கே எல்லோருக்கும் தெரிந்தவை.

என்னை ஒன்பது வருடமாக உறுத்துவது அந்த இரண்டு லிட்டர் அளவு. ஒரு குடும்பத்துக்கு அளந்து வெட்டியது போல இருக்கிறது. நான்கு பேர் கூடிச் சந்தகை, அதாவது எங்கள் பக்கத்து அரிசிச் சேவை, பிழியலாம் என்றால் மூன்று ஈடு ஆட்ட வேண்டும். ஆட்டிய மாவை இட்லியாக வேகவைத்து, ஆறுவதற்குள் ஒருவர் எடுத்துப் போட ஒருவர் பிழிய வேண்டும். அதற்கு ஆளுக்கு எங்கே போவது? சந்தகைக்கட்டை பரணில் கிடக்கிறது.

கோபிப் பக்கம் எங்கள் ஊரில் கூலிக்கு மாவாட்டும் வீடு ஒன்று இருந்தது. திண்ணையில் வரிசையாக தூக்குப்போசிகள் இருக்கும். அந்தப் பெரிய கிரைண்டரை எவ்வளவு வழித்தாலும் கல்லின் அடியில் ஒரு கை மாவு தங்கிவிடும். அதன்மேல்தான் அடுத்தவர் அரிசி விழும். ஊரில் எந்த வீட்டு இட்லியிலும் இன்னொரு வீட்டு மாவு கொஞ்சம் இருந்தது. ஒருநாள் அம்மா விரலில் தொட்டு முகர்ந்துவிட்டு, "வெந்தயம் தூக்கலாக இருக்கிறதே, முன்னால் ஆட்டியது யாருங்க?" என்று கேட்டார். மேற்கு வீட்டு அத்தைக்கு வயிற்றுப்புண் என்று அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. சாயங்காலமே அம்மா ஒரு சொம்பு மோரோடு போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார்.

ஆனால் நியாயமாகவும் பேச வேண்டும். அந்தத் திண்ணையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. காலனிப் பெண்கள் தள்ளி நிற்பார்கள். எல்லோரும் ஆட்டி முடித்த பிறகுதான் அவர்கள் முறை வரும். அவர்கள் மாவுக்குப் பிறகு மட்டும் கல்லை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். சிறுமியாக அதை நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். 2011-இல் அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது அந்த வீடுகளுக்கும் கிரைண்டர் வந்தது. யார் முகத்தையும் பார்த்து நிற்காமல் தன் வீட்டில் தன் மாவை ஆட்டுவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை! அதை நினைத்தால் அந்தத் திண்ணைக்காக ஏங்குவதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இருந்தும் ஏங்குகிறேன். இந்த நான்கு நாளும் கடை மாவுப் பாக்கெட்தான் வாங்கினோம். எதிர்வீட்டில் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்கிறது. ஊறவைத்த அரிசியோடு போய்க் கதவைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை. எட்டு வருடம் எதிரெதிரே இருக்கிறோம், அவர்கள் வெந்தயம் போடுவார்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

சித்தி மகளுக்கு இன்று காலை பதில் சொல்லிவிட்டேன். அருமையான கிரைண்டர், நீ வாங்காதே கண்ணு. நீ வரப்போகும் வீடு இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறது? அரிசியை ஊறப்போட்டு எடுத்துக்கொண்டு வா. கல்லை நான் முழுதாக வழிக்காமல் வைத்திருக்கிறேன்.