ரெய்னேயில் சிவப்புக் குடில் மலிவாகக் கிடைக்கிறதா? பணம் கட்டும் முன் இதை வாசியுங்கள்

கோடை விடுமுறைக்கு நோர்வேயின் வடக்கே உள்ள லோஃபோத்தன் தீவுகளுக்குப் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு 9,600 குரோனர் போனது. பணத்தை விட, 73 வயது அம்மாவைக் காருக்குள் படுக்க வைத்ததுதான் இன்னும் ஆறவில்லை.

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். நடுச்சாமத்திலும் மறையாத சூரியனைப் பார்க்க வேண்டும் என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். லோஃபோத்தனில் அது மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரைதான். எங்களுக்கு லீவு கிடைத்தது ஜூலை முதல் வாரம். எல்லாரும் அதே வாரம்தான் போவார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. அங்குள்ள ரெய்னே என்ற ஊரில் ஓர் இரவுக்கு 3,500க்குக் கீழே எதுவுமே என் கண்ணில் படவில்லை. அப்போது ஒரு வாடகை விளம்பரம் அகப்பட்டது. தண்ணீருக்குள் தூண் ஊன்றி நிற்கும் சிவப்பு ரோர்பு, பின்னால் கூரான மலை, இரவுக்கு 1,900.

ரோர்பு என்பது மீனவர் குடில். குளிர்காலத்தில் காட் மீன் பிடிக்க வெளியூரிலிருந்து படகு வலித்து வந்தவர்கள் தங்கியது. இப்போது பெரும்பாலும் சுற்றுலாக்காரர்கள்தான் தங்குகிறார்கள்.

விளம்பரம் போட்ட ஆளிடம் எழுதிக் கேட்டேன். நல்ல நோர்வேஜிய மொழியில் பதில் வந்தது. விளம்பரம் வந்த இணையத்தளத்தின் வழியாகக் கட்டினால் அவர்கள் கட்டணம் எடுப்பார்கள், நேரே வங்கிக்கு அனுப்புங்கள் என்றார். கைபேசியால் பணம் அனுப்பும் விப்ஸ் செயலியில் அனுப்பட்டுமா என்றேன். தற்போது வெளிநாட்டில் இருக்கிறேன், விப்ஸ் வேலை செய்யவில்லை என்றார். நாலு இரவுக்கு 7,600, சேதத்துக்கு முற்பணம் 2,000. அவர் தந்த கணக்கு எண் வேறொரு நாட்டுக் குறியீட்டோடு தொடங்கியது. நோர்வேயின் உள்ளூர்க் கணக்குக்கு 11 இலக்கம். ஐபான் என்கிற சர்வதேசக் கணக்கு எண் என்றால் என், ஓ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கி மொத்தம் 15 வரும். இங்கே இத்தனை வருஷம் சம்பளம் வாங்குகிறேன், இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மலிவு கண்ணை மறைத்துவிட்டது. என் கணவர் அப்போதே, "ஒருக்கா யோசி" என்றார். நான் கேட்கவில்லை.

பூடோ நகரிலிருந்து கப்பல். வெஸ்ட்ஃபியூர் கடலைக் கடக்க மூன்று மணி நேரத்துக்கு மேல். தூரத்தில் தீவுகள் ஒரு சுவர் மாதிரி எழுந்து வந்தபோது அம்மா எழுந்து நின்றுவிட்டார். மொஸ்கெனேஸில் இறங்க இரவு பத்து மணி தாண்டியிருந்தது. வெளிச்சம் நம் ஊர் ஐந்து மணி மாதிரி. கப்பலை விட்டு இறங்கியதும் சாவிப் பெட்டியின் இலக்கத்தை விளம்பரக்காரர் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை. ரெய்னேக்குச் சில நிமிட ஓட்டம்தான், போய்ப் பார்க்கலாம் என்று போனோம்.

தந்த முகவரியில் இருந்தது வெள்ளை வீடு. கம்பளிக் காலுறையோடு ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். கைபேசியில் படத்தைக் காட்டியதும் பெருமூச்சு விட்டார். இந்தக் கோடையில் நாங்கள் மூன்றாவது குடும்பமாம். "இது இங்கே இல்லை. ஹாம்னோய் பாலத்தில் நின்று எடுத்தது. வருகிற எல்லாரும் இந்தப் படத்தைத்தான் எடுக்கிறார்கள்" என்றார். அடுத்த நாள் போய் நின்று பார்த்தேன். பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நின்று அதே படத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

விளம்பரத்தின் மற்றப் படங்களையும் அன்றிரவுதான் ஒழுங்காகப் பார்த்தேன். உள்ளறைப் படத்தில் ஜன்னலுக்கு வெளியே அடர்ந்த பைன் காடு! ரெய்னேயைச் சுற்றி அண்ணாந்து பார்த்தால் மொட்டைப் பாறையும் புல்லும்தான். காடு எங்கிருந்து வரும்?

பெரியவர் கோப்பி தந்தார், நாலைந்து இடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். லெக்னெஸ் நகரம் வரை எதுவும் இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்திப் படுத்தோம். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். அம்மா படுக்கவேயில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு, மீன் உலர்த்தும் மரச் சட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெப்ரவரியிலிருந்து மே வரை காட் மீனை அதில் தொங்கவிடுவார்கள். ஜூலையில் வெறும் சட்டம்தான், வாசம் மட்டும் இருந்தது.

"ஏன் பிள்ளை, உப்புப் போட மாட்டினமே?"

"இல்லையம்மா, குளிர்காத்துதான் காய வைக்கும்."

"உப்பில்லாமல் என்ன கருவாடு" என்றார். சூரியனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பி வந்து வங்கியில் கேட்டேன். நானே என் பேங்க்ஐடியால், அதாவது வங்கி தரும் மின் அடையாளத்தால், உறுதி செய்து அனுப்பிய பணம், திருப்பி எடுப்பது கஷ்டம் என்றார்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால் கதை வேறு. பொருளோ சேவையோ கிடைக்காதபோது அட்டை தந்த வங்கியிடமே பணத்தைக் கேட்க இங்கே சட்டம் இடம் தருகிறது. பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் அப்போது செய்திருக்கலாம். தொழிலாக வாடகைக்கு விடும் நிறுவனத்துக்கு ஒன்பது இலக்கப் பதிவெண் இருக்கும். நோர்வே நிறுவனங்களைப் பதியும் புரொன்னோய்சுண்ட் பதிவேட்டில் அதை இலவசமாகத் தேடலாம். தனியாள் என்றால் காணிப் பதிவேட்டில் அந்த முகவரி யார் பெயரில் இருக்கிறது என்று பேங்க்ஐடியோடு நுழைந்து பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. நான் அந்த ஐந்து நிமிடத்தை எந்த ஜாக்கெட் கொண்டுபோவது என்று யோசிப்பதில் செலவழித்தேன்.

ஆனால் ஒன்று, எல்லாவற்றையும் ஏமாற்று என்று நினைத்துச் சண்டை பிடிக்காதீர்கள். படுக்கை விரிப்புக்கும் கடைசி நாள் சுத்தம் செய்வதற்கும் உண்மையான ரோர்புக்காரர்களே பல இடங்களில் தனியாகக் காசு கேட்பார்கள். அது இங்குள்ள வழக்கம். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் பல இடங்களில் பூட்டியிருப்பதும் அப்படித்தான். சனிக்கிழமையே அரிசி, பால் வாங்கி வையுங்கள்.

இரண்டாம் நாள் யாரோ வராமல் விட்ட ஓர் அறை கிடைத்தது, இரவுக்கு 3,800. வாய் திறக்காமல் கட்டினேன், அட்டையில்.

நேற்றிரவு சும்மா தேடிப் பார்த்தேன். அதே சிவப்புக் குடில், அதே பைன் காடு. ஆளின் பெயர் வேறு, ஊர் இப்போது நுஸ்ஃபியூர். விலை 1,950. ஆகஸ்டுக்கு இடம் இருக்கிறதாம்.