குரோ டென்ட்டுக்கு விளக்கு: போர்டு வாங்குவதா, பட்டை வைத்து நாமே கட்டுவதா?

வெயில் எட்டிப் பார்க்காத அடுக்குமாடி வீட்டில் இரண்டடிக்கு இரண்டடி குரோ டென்ட் (விளக்கு வைத்துச் செடி வளர்க்கும் துணிக்கூடாரம்) வைத்து லெட்டூஸ் கீரையும் பேசில் மூலிகையும் வளர்க்கிறேன். விளக்குக்கு மூன்று வழிகள் இருந்தன. கடையில் கிடைக்கும் சதுர குவாண்டம் போர்டு (ஒரே தட்டில் நிறைய எல்இடிகள் பதித்த விளக்கு) ஒன்று, ஒட்டுகிற 12 வோல்ட் எல்இடி ரோல் இன்னொன்று. மூன்றாவது, கெட்டியான எல்இடி பட்டைகளை வாங்கி அலுமினியச் சட்டத்தில் நாமே பொருத்துவது. நான் எடுத்தது மூன்றாவதை. நாளை இன்னொரு டென்ட் போட்டாலும் அதையேதான் எடுப்பேன்.

ரோலை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அதில் மூன்று எல்இடிக்கு ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) இருக்கும், கரண்டில் ஒரு பங்கு அதிலேயே சூடாகி வீணாகும். கடைசி முனைக்குப் போவதற்குள் வோல்டேஜ் இறங்கி வெளிச்சம் மங்கும். ஈரக்காற்றில் பசையும் விட்டுவிடும். செடிக்கென்று விற்கும் ஊதா விளக்கும் தேவையில்லை. 3500 முதல் 4000 கெல்வின் (ஒளியின் நிற அளவு) வரையுள்ள வெள்ளை ஒளியில் இலைக்கு வேண்டிய சிவப்பும் நீலமும் இருக்கின்றன. இலை பழுத்திருந்தாலோ அசுவினி ஏறியிருந்தாலோ அந்த வெளிச்சத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் போட்டி போர்டுக்கும் பட்டைக்கும்தான். ஒளியின் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல போர்டில் வரும் சாம்சங் எல்எம்301 வகை எல்இடிகள் அருமையானவை. ஆனால் போர்டு டென்ட்டின் நடுவில் தொங்குவதால் நடுச்செடிக்கு வெளிச்சம் கூடுதலாகவும் மூலைச்செடிக்குக் குறைவாகவும் விழும். அதைச் சமன் செய்ய உயரத் தூக்க வேண்டும், தூக்கினால் பக்கச் சுவருக்குப் போகும் ஒளி கூடும். பட்டைகளைப் பரவலாக வைத்தால் செடிக்கு மேலே ஒரு சாண் உயரத்திலேயே தொங்கவிடலாம், மூலை வரை ஒரே மாதிரி விழும்.

இதெல்லாம் இருந்தும், என்னை முடிவெடுக்க வைத்தது டிரைவர். எல்இடி விளக்கில் முதலில் போவது பெரும்பாலும் எல்இடி இல்லை, அதற்குக் கரண்டை அளந்து கொடுக்கும் டிரைவர்தான். விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் அந்தச் சுற்று போர்டின் மேலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கரண்ட் போய் வரும்போது வோல்டேஜ் எகிறி அது அடிபட்டால், நல்ல எல்இடி அத்தனையையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியதுதான். பிரித்து மாற்ற இடமே இருக்காது. நாமே கட்டினால் டிரைவர் தனி, பட்டை தனி. டிரைவர் போனால் அதே அளவில் இன்னொன்று வாங்கி இரண்டு வயரை மாற்றினால் போதும். பட்டை ஒன்று போனாலும் அதை மட்டும் கழற்றலாம்.

நான் போட்டிருப்பது மீன்வெல் எச்எல்ஜி-60எச்-24ஏ டிரைவர். 90 முதல் 305 வோல்ட் வரை உள்ளே வாங்கிக்கொள்ளும். நம் வீட்டு வோல்டேஜ் ஆட்டத்துக்கு இது பெரிய நிம்மதி. டிரைவரை டென்ட்டுக்கு வெளியே சுவரில் மாட்டியிருக்கிறேன். அதன் சூடு உள்ளே போவதில்லை, தண்ணீர் தெளிக்கும் இடத்தில் 230 வோல்ட்டும் இல்லை. சித்திரை, வைகாசியில் லெட்டூஸ் வளர்ப்பவர்களுக்கு அந்தச் சூடு குறைவதன் அருமை தெரியும்.

பட்டைகள் பிரிட்ஜ்லக்ஸ் இபி வகை, 56 செ.மீ. நீளம், மொத்தம் நான்கு. டென்ட் குழாய்கள் அடைக்கும் இடம் போக அந்த நீளம் இறுக்கமாக உட்காருகிறது. ஒவ்வொன்றும் சுமார் 20 வோல்ட். வரிசையாகக் கோத்தால் 80 வோல்ட் ஆகிவிடும், ஈரக்கையால் தொட்டால் ஆபத்து. அதனால் இணையாகக் கொடுத்தேன். டிரைவரின் 2.5 ஆம்பியர் நான்காகப் பிரிந்து பட்டைக்கு 0.6 ஆம்பியர் சொச்சம் போகிறது. ஒரு பட்டையின் இணைப்பு விட்டுப்போனால் மற்ற மூன்றும் 0.83 ஆம்பியரைச் சுமக்கும், அதை அவை தாங்கும். இதே போல அதிகப் பட்டைகளை உச்சக் கரண்டில் ஓட்டுபவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கக் கூடாது.

பட்டையின் நுனியில் வயர் செருகும் துளை இருக்கிறது, பற்றவைப்பே வேண்டாம். ஒற்றைக் கம்பி வயராக வாங்குங்கள். பல இழை வயர் உள்ளே போகாமல் மடங்கிக்கொள்ளும். டிரைவர் முதுகில் ரப்பர் மூடியை எடுத்தால் சின்ன திருகுகள் தெரியும், கரண்டுக்கான திருகைத் திருப்பி வெளிச்சத்தைக் குறைக்கலாம். சட்டத்துக்கும் டிரைவருக்கும் எர்த் கட்டாயம்.

ஐம்பது வாட்டில் தினம் 16 மணி நேரம் எரிந்தால் மாதம் 24 யூனிட். லெட்டூஸுக்கு 200 மைக்ரோமோல் (செடிக்குப் பயன்படும் ஒளியின் அளவு) ஒளி போதும். வெள்ளை எல்இடியில் அது ஏறக்குறைய 13,500 லக்ஸ் (கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு). போனில் உள்ள லக்ஸ் ஆப் துல்லியமாகக் காட்டாது என்றாலும் மூலைக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க அதுவே போதும்.

செலவு மிச்சமாகும் என்று நினைத்து இதில் இறங்க வேண்டாம். நல்ல டிரைவரும் பட்டையும் சேர்ந்தால் சாதாரண போர்டின் விலையைத் தாண்டிவிடும். வயரிங்கில் கை பழகாதவர்களுக்கு நான் போர்டையே சொல்வேன், டிரைவர் தனிப்பெட்டியாக வருகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். மிளகாய், தக்காளியை நான் இதில் காய்க்க விட்டதில்லை. அவற்றுக்கு இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஒளி வேண்டும். அந்த அளவில் பட்டைகளையும் டிரைவரையும் கூட்டிக் கட்டுவது மேலா, நல்ல போர்டு மேலா என்பதை வளர்த்துப் பார்த்தவர்களிடம் கேட்டு முடிவெடுங்கள்.