'மெட்டல் கியர் சாலிட் 5' வீடியோ கேமின் பழைய டிஸ்க் வாங்குபவர்கள் கவனத்திற்கு

பெட்டியின் மேலுறையை நம்பி 1,900 ரூபாயை இழந்துவிட்டு இதை எழுதுகிறேன். அதில் பாதிக்கு மேல் என் தம்பி தீபாவளிக் காசைச் சேர்த்து வைத்துக் கொடுத்தது.

இந்த ஐந்தாம் பாகம் இரண்டு தவணையாக வந்தது. 2014 மார்ச்சில் 'கிரவுண்ட் ஜீரோஸ்' என்ற முன்கதை. 2015 செப்டம்பரில் 'தி ஃபேன்டம் பெயின்' என்ற முழு ஆட்டம். 2016இல் இரண்டையும் சேர்த்து ஒரே தொகுப்பாகவும் வெளியிட்டார்கள். நான் கேட்டது அந்தத் தொகுப்பை. மூன்றின் உறையிலும் 'மெட்டல் கியர் சாலிட் 5' என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். ஏமாற்றுபவர்களுக்கு அதுவே வசதி.

"அண்ணா, இரண்டும் இதில் இருக்கிறதா?" என்று தம்பி கேட்டான். "உறையிலேயே போட்டிருக்கிறதே தம்பி" என்றார் கடைக்காரர். நான் டிஸ்க்கை எடுத்து, கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் அச்சிட்டிருந்த பெயரை முழுதாகப் படிக்கவில்லை.

அன்றிரவே ஆடத் தொடங்கினோம். திரையில் 'கிரவுண்ட் ஜீரோஸ்' என்று வந்தபோதும் சந்தேகம் எழவில்லை. முன்கதையைத்தானே முதலில் ஆட வேண்டும்?

ஆட்டத்தின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. 1975ஆம் ஆண்டு, கியூபாவில் ஓர் அமெரிக்க ராணுவ முகாம், கொட்டும் மழை. சிக்கோ, பாஸ் என்ற இரண்டு கைதிகளை மீட்டு, தோளில் சுமந்து வந்து ஹெலிகாப்டரில் ஏற்ற வேண்டும். தேடுவிளக்கின் வெளிச்சம் ஈரத்தரையில் ஊர்ந்து நம் பக்கம் வரும்போது தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டான். காவலாளி நம்மைப் பார்த்துவிட்டால் ஒரு கணம் எல்லாம் மெதுவாகும். அதற்குள் அவனை வீழ்த்தாவிட்டால் முகாமே விழித்துக்கொள்ளும். இத்தொடரை உருவாக்கிய ஹிடியோ கோஜிமாவின் கைவண்ணம் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது. ஆனால் இரண்டு மணி நேரத்திற்குள் கதை முடிந்துவிட்டது. அதன் பிறகு இருந்தவை அதே முகாமில் நடக்கும் சில துணைப் பணிகள் மட்டுமே. 'தி ஃபேன்டம் பெயின்' நடக்கும் இடங்களில் ஒன்றான ஆப்கானிஸ்தான் எங்கே என்று தம்பி மெனு முழுவதும் தேடிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் டிஸ்க்கை வெளியே எடுத்துப் படித்தேன். 'கிரவுண்ட் ஜீரோஸ்' மட்டும். உறைத் தாளை உருவிப் பார்த்தால் அது வண்ண நகல். எழுத்துகள் மங்கலாக, விளிம்பு கத்தரிக்கோலால் கோணலாக வெட்டப்பட்டிருந்தது.

மறுநாள் கடைக்குப் போனேன். "நீங்களே பார்த்துத்தானே வாங்கினீர்கள்? விற்ற டிஸ்க்கைத் திரும்ப எடுப்பதில்லை" என்றார். ரசீதை நீட்டினேன். அதில் 'கேம் டிஸ்க் 1' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த ஆட்டம் என்று இல்லாத ரசீதை வைத்துக்கொண்டு யாரிடம் முறையிடுவது?

ஆகவே ரசீதில் ஆட்டத்தின் முழுப் பெயரையும் எழுதி வாங்குங்கள். டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருக்கும் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். கடையில் கருவி இருந்தால் அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள். 'கிரவுண்ட் ஜீரோஸ்' மட்டும் போதும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம், ஆனால் அதற்குரிய சிறிய விலைக்கு. அதன் சேமிப்புக் கோப்பை அழித்துவிடாதீர்கள். முகாமிலிருந்து மீட்ட சிலரை அதன் வழியாகப் பெரிய ஆட்டத்தில் உங்கள் படைக்குக் கொண்டுபோக முடியும்.

பணம் போனது போனதுதான் என்று பேசாமல் இருந்திருப்பேன். கடந்த வாரம் அந்தக் கடை வழியாகப் போனபோது, கண்ணாடி அலமாரியில் அதே தொகுப்பின் உறை மீண்டும் நின்றிருந்தது. வலது விளிம்பு கோணலாக வெட்டப்பட்டிருந்தது.