செங்கல் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கலாமா? ஒரு குன்னூர் வீட்டின் பல ஆண்டு அனுபவம்

குன்னூரில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் வெளிச்சுவர்கள் பூச்சு இல்லாத செங்கல் சுவர்கள். முந்தைய உரிமையாளர் கிழக்குச் சுவருக்கு மட்டும் எக்ஸ்டீரியர் எமல்ஷன் (தண்ணீரில் கலந்து அடிக்கும் வெளிச்சுவர் பெயிண்ட்) அடித்திருந்தார். மற்ற மூன்றையும் அப்படியே விட்டிருந்ததால், பெயிண்ட் அடித்த செங்கலும் அடிக்காத செங்கலும் மலை மழையில் என்ன ஆகின்றன என்பதைப் பல பருவங்களாகப் பார்த்து வருகிறோம்.

கிழக்குச் சுவரை அவர் காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்திருப்பார். கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கமோ அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. அந்தச் சாரல் நேராக அடிப்பது கிழக்குச் சுவரில். ஆகையால் அதை மற்ற சுவர்களோடு ஒப்பிடுவது முழு நியாயமாகாது. ஆனால் அதே சுவரின் வடகோடியில் பெயிண்டர் அடிக்காமல் விட்ட ஒரு முழ அகலத் துண்டு இருக்கிறது. அதுவும் அதே சாரலில்தான் நனைகிறது.

பெயிண்ட் தொடக்கத்தில் நன்றாகவே இருந்தது: பாசி குறைவு, சுவரும் பளிச்சென்று தெரிந்தது. பிறகு தரையிலிருந்து முழங்கால் உயரம் வரையிலும் ஜன்னல்களுக்கு அடியிலும் கொப்புளங்கள் கிளம்பின. ஒன்றை நகத்தால் கீறினால் பெயிண்ட் ஏடாக உரிந்து வருகிறது. அதன் உட்புறம் வெள்ளை உப்பு படிந்திருக்கிறது. பின்னாலுள்ள செங்கலைத் தடவினால் சிவப்புப் பொடி கையோடு வருகிறது. அடிக்காமல் விட்ட துண்டில் பாசியும் உப்புப் பூப்பும் உண்டு, பார்க்கவும் அழகில்லை. ஆனால் செங்கல் சாவியால் தட்டினால் கணீரென்று ஒலிக்கிறது.

காரணம் எளியது. செங்கல் தண்ணீரை உறிஞ்சும், வெயில் வந்ததும் வெளியே விடும். எமல்ஷன் படலம் வெளியிலிருந்து வரும் மழையைத் தடுத்தாலும், செங்கல்களுக்கு இடையே விரிசல் விட்ட இணைப்புச் சாந்து வழியாகவும் அடித்தளத்திலிருந்தும் ஏறும் ஈரத்தைத் தடுப்பதில்லை. அந்த ஈரம் காய்வதையே தாமதப்படுத்துகிறது. ஈரத்தோடு வரும் உப்பு வெறும் சுவரில் மேற்பரப்பில் பூத்துவிடும், பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். படலம் மூடிய சுவரிலோ அது படலத்துக்குப் பின்னால் படிகமாகி, பெயிண்டையும் செங்கலின் தோலையும் சேர்த்துத் தள்ளுகிறது. நாள்கணக்கில் மூடுபனி நிற்கும் ஊரில் சுவருக்குக் காய்வதற்குக் கிடைக்கும் நேரமே கொஞ்சம். உறைபனி விழும் ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் இன்னொரு தொல்லையும் உண்டு: உறையும் நீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரிவதால், ஈரம் தங்கிய செங்கலின் முகம் செதிலாகக் கழன்றுவிடும்.

சமையலறை வெளிச்சுவர் இருட்டாக இருந்ததால் அதற்கு நீர்த்த சுண்ணாம்பை மெல்லிய கோட்டுகளாக அடித்தோம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெதுவாக இறுகுவது. ஈரத்தையும் வெளியே விடும். சட்டையில் ஒட்டுகிறது, சாரலில் கரைந்து வெளுக்கிறது, அவ்வப்போது மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் இதுவரை ஒரு கொப்புளம் கூட வரவில்லை. தெற்குச் சுவரில் அடித்த சிலேன்-சிலாக்சேன் நீர்விலக்கி (செங்கலுக்குள் ஊறி, தண்ணீர் ஒட்டாமல் செய்யும் திரவம்) கண்ணுக்குத் தெரிவதே இல்லை. மழைத்துளி உருண்டு ஓடுகிறது. அதை அடிப்பதற்கு முன் விரிசல்களை அடைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பணம் வீண்.

என் கருத்தில், பெயிண்ட் டப்பா வாங்குவதற்கு முன் செலவழிக்க வேண்டிய இடம் இணைப்புச் சாந்தும் கூரை விளிம்பும்தான். எங்கள் மேஸ்திரி பழைய சாந்தை முக்கால் அங்குல ஆழம் சுரண்டி, சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற கலவையால் பாயிண்டிங் செய்தார், அதாவது இணைப்புகளைப் புதிதாக நிரப்பினார். தனிச் சிமெண்ட் சாந்து பழைய செங்கலைவிடக் கெட்டியாக இருப்பதால், சேதம் செங்கலுக்கே போய்ச் சேரும். ஜன்னல்களுக்கு மேல் சன்ஷேட்டையும் நீட்டினோம். அதன் பின் கிழக்கு அறையின் உட்சுவர் ஈரம் வெகுவாகக் குறைந்தது.

நல்ல நிலையில் உள்ள வெறும் செங்கலை நிற ஆசைக்காக எமல்ஷனால் மூடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்னர் அதை எடுக்க மணல் வீசினாலோ அழுத்த நீர் அடித்தாலோ சூளையில் வெந்து இறுகிய மேல்தோலும் சேர்ந்து போகும். நிறம் வேண்டுமென்றால் சுண்ணாம்பில் காவி கலந்து அடிக்கலாம். ஏற்கெனவே பெயிண்ட் அடித்த சுவர் என்றால் தளர்ந்ததை மட்டும் கையால் சுரண்டிவிட்டு, ஒரு வறண்ட பருவம் காயவிட்ட பிறகு முடிவெடுப்பது நல்லது. எங்கள் கிழக்குச் சுவரில் அந்த வேலையைப் பிப்ரவரியில் தொடங்குகிறோம்.