மணல் ஏறிய வீடுகளைப் படமெடுக்க: ஒரு ஸூமா, இரண்டு பிரைமா?

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் மட்டக்களப்புப் பொடியன்களில் கெமராப் பைத்தியம் பிடித்தவர்கள் லீவு நாளில் கட்டாயம் போகும் இடம் ஷார்ஜாவின் அல் மதாம். 1970களில் கட்டி, பிறகு ஆட்கள் விட்டுப்போன இரண்டு வரிசை வீடுகளும் ஒரு பள்ளிவாசலும்தான் ஊரே. கதவு வழியாகப் புகுந்த மணல் அறைகளுக்குள் மேடு கட்டி நிற்கும். அங்கே எந்த லென்ஸ் சரி என்பதுதான் பேச்சு: கெனன் 16–35 மி.மீ. எஃப்/4 எல் ஸூம் ஒன்றா, அல்லது 24 எஃப்/2.8, 50 எஃப்/1.8 என்று இரண்டு பிரைமா? ஸூம் என்றால் திருகிக் காட்சியை அகலமாகவோ நெருக்கமாகவோ ஆக்கலாம்; பிரைம் ஒரே அளவிலேயே நிற்கும். மி.மீ. எண் சிறிதானால் காட்சி அகலம், எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் கூட. நான் வாங்கியது ஸூம். பிரைம்கள் அறைத் தோழனுடையவை; மாற்றி மாற்றிப் பாவித்திருக்கிறோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

பிரைம் மலிவு, பாரமும் குறைவு. ஸூம் 615 கிராம். பிரைம் இரண்டையும் சேர்த்தாலும் அதைவிடக் குறைவுதான். வெளிச்சமும் கூடுதலாக வாங்கும். ஆனால் பாழடைந்த வீடு ஓடப்போவதில்லையே, முக்காலியில் வைத்து ஆறுதலாக எடுக்கலாம்.

பிரைம்காரர்கள் "காலால் ஸூம் பண்ணு" என்பார்கள். மணல் வீட்டில் அது எடுபடாது. காற்று வரிவரியாகக் கோடு போட்டு வைத்த மணல்தான் அங்கே படமே. உள்ளே இரண்டு அடி வைத்தால் அந்த மணலில் உங்கள் செருப்புத் தடம்தான் மிஞ்சும். வாசலில் நின்றபடியே 16இல் அறை முழுவதையும், 35இல் ஜன்னலை மட்டும் எடுக்க முடிவது பெரிய விஷயம். நமீபியாவில் 1956இல் கடைசி ஆளும் வெளியேறிய வைர நகரம் கோல்மன்ஸ்கோப்பிலும் இதே சிக்கல்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் அங்கே போனதில்லை, படங்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ராஸ் அல் கைமாவின் அல் ஜஸீரா அல் ஹம்ராவில் மட்டும் 50க்கு என் ஓட்டு. முத்துக் குளித்தவர்களின் பழைய ஊர் அது. பவளக்கல் சுவர்களைக் கிட்டத்தில் எடுக்க அதுதான் வசதி.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது படமல்ல, பராமரிப்பு. பாலைவனத்தில் லென்ஸைக் கழற்றினால் நுண்புழுதி, படத்தைப் பதிக்கும் சென்சரில் போய் ஒட்டும். எஃப்/11, எஃப்/16 என்று துளையைச் சுருக்கியதும் நீலவானம் முழுக்கக் கறுப்புப் புள்ளி. ஸூமைக் காலையில் பூட்டினால் பின்னேரம் வரை கழற்றத் தேவையில்லை. திருகும்போது வெளியே நீளாது, புழுதி புகாத ரப்பர் வளையமும் உண்டு. முன்னால் 77 மி.மீ. ஃபில்டர் பூட்டினால்தான் அந்தக் காப்பு முழுமையாகும், அதை மறக்கக்கூடாது. பிரைம் இரண்டிலும் இந்தக் காப்பே கிடையாது. பிரைம்தான் வேண்டும் என்றால் காருக்குள் ஏசியை நிறுத்திவிட்டு, கெமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள்.

அப்புறம் ஊருக்கு வந்தால் எதிரி மாறிவிடும். கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கார்த்திகை, மார்கழி மழையில் அலுமாரிக்குள் உடுப்பே பூத்துப்போகும். காற்றின் ஈரப்பதன் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் லென்ஸுக்குள் பங்கஸ் (பூஞ்சை) பிடிக்க வாய்ப்பு அதிகம். ரப்பர் விளிம்பு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதன் காட்டும் சின்ன மீட்டர் ஆகிய மூன்றும் போதும். 40–50க்குள் வைத்திருங்கள். இளஞ்சிவப்பாகிப்போன ஜெல்லை வறுத்தால் திரும்ப நீலமாகும். ஆனால் சமையல் தாச்சியில் வேண்டாம், அந்த நீலத்துக்குக் கோபால்ட் குளோரைட் சேர்த்திருப்பார்கள்.

இந்த இடத்தில் பிரைமுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். 50இல் ஆறே கண்ணாடிகள், பழக்கமானவர் திறந்து துடைத்துவிடுவார். ஸூமில் 16 கண்ணாடிகள், 12 தொகுதிகள். உள்ளே பிடித்தால் கூலியும் கூட, திரும்பப் பூட்டும்போது குவியம் பிசகும் பயமும் உண்டு. இருந்தும் நான் பார்த்த அளவில் பங்கஸ் முதலில் பிடிப்பது பாவிக்காமல் கிடக்கும் லென்ஸைத்தான். இரண்டு பிரைம் வைத்திருப்பவரிடம் ஒன்று எப்போதும் பையிலேயே தூங்கும். ஒற்றை லென்ஸ்காரருக்குக் கல்யாண வீடு, கோயில் திருவிழா, நடுவீட்டுப் படம் எல்லாவற்றுக்கும் அது கையிலேயே இருக்கும்.

விற்கும்போதும் இதுதான் கணக்கு. வாங்க வருபவர் டோர்ச் அடித்து உள்ளே பார்ப்பார்; சிலந்தி நூல் மாதிரி ஒரு கோடு தெரிந்தாலே விலை விழும். பங்கஸ் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் அடையாளம் போகாது.

மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத கெமரா) பற்றி அடித்துச் சொல்ல எனக்குப் பழக்கம் போதாது. 2018இல் வந்த கெனன் ஈஓஎஸ் ஆர், ஓஃப் செய்ததும் சென்சருக்கு முன்னால் ஷட்டரை மூடிக்கொள்கிறது; லென்ஸ் மாற்றும்போது புழுதி நேரே சென்சரில் விழாது. அந்த வசதி கையில் இருப்பவர் பிரைம்தான் எடுப்பேன் என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.