1891 கார்சன் சிட்டி காசு: நான் ஏமாந்தது இப்படித்தான்

ஒஹாயோவில் ஒரு நாணயக் கண்காட்சியில் 1891-ஆம் வருடத்துப் பத்து டாலர் தங்கக் காசு ஒன்று வாங்கினேன். பின்பக்கம் கழுகுக்குக் கீழே பொடியாக ‘சிசி’ என்று இருக்கும். நெவாடாவில் கார்சன் சிட்டி நாணயச்சாலையின் அடையாளம் அது. காம்ஸ்டாக் சுரங்கத்து வெள்ளியையும் தங்கத்தையும் காசாக்கத் தொடங்கிய சாலை. 1870 முதல் 1893 வரை, நடுவில் சில வருடம் சும்மா கிடந்ததும் சேர்த்து, அதன் ஆயுள் அவ்வளவுதான். அந்த இரண்டு எழுத்துக்குத்தான் கூடுதல் விலை. சிசி பத்து டாலர்களில் 1891 சுலபமாகக் கிடைக்கிற வருடம், அதனால் என்னைப் போன்ற புதியவர்கள் அதில்தான் கை வைப்போம்.

காசு அட்டைச் சட்டத்துக்குள் இருந்தது, நடுவில் வட்டமாகக் கண்ணாடித்தாள். வியாபாரி “ஏயூ 58, ஒருநாளும் தேய்த்துக் கழுவாதது” என்றார். ஏயூ 58 என்றால் ஏறக்குறையப் புழங்காத காசுக்குப் போடும் தர எண். நான் கேட்டதும் அவரே வெளியே எடுத்துத் தராசில் வைத்தார். 16.7 கிராம், சரியான எடை. சிசி எழுத்து பின்னால் ஒட்டியதா என்று லென்ஸில் பார்த்தேன், இல்லை. அதற்குள் காசைச் சட்டத்துக்குள் திருப்பி வைத்துவிட்டார். தங்க மதிப்புக்கு மேல் 600 டாலர் கொடுத்தேன். நம் வீட்டுப் பழக்கம், தங்கம் அசலா என்று மட்டும்தானே பார்ப்போம்?

வீட்டில் ஸ்டேப்பிளைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. முன்பக்கத்துச் சுதந்திர தேவியின் தலைக்கு நேர் மேலே, விளிம்பை ஒட்டிய பற்கள் போன்ற வரிகள் ஒரு அரிசி அகலத்துக்கு மழுங்கியிருந்தன. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அந்த இடத்தைச் சுற்றி ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். யாரோ ஒரு காலத்தில் வளையம் பற்றவைத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் வளையத்தை எடுத்து, அரத்தால் ராவி, மெருகு போட்டிருக்கிறார்கள். அட்டைச் சட்டம் மறைத்தது சரியாக அந்த விளிம்பைத்தான்.

தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு அனுப்பினேன், அதற்கும் தண்டச் செலவு. தர எண் போடாமல், ‘காசு அசல், நகையிலிருந்து பிரித்தது’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

வாங்குபவர்கள் சட்டத்திலிருந்து எடுத்து விளிம்பை முழுச் சுற்றும் திருப்பிப் பாருங்கள், விடமாட்டேன் என்றால் நடையைக் கட்டுங்கள். முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வந்தாலும், பெட்டி மேலுள்ள சான்று எண்ணையும் காசின் படத்தையும் தரம் பார்த்த நிறுவனத்தின் தளத்தில் ஒப்பிடுங்கள். போலிப் பெட்டிகளும் சுற்றுகின்றன.

வியாபாரியைக் கூப்பிட்டேன். ரசீதில் ‘திருப்பி எடுப்பதில்லை’ என்று இருப்பதை நினைவூட்டினார். வேண்டுமானால் தங்க விலைக்கு அவரே வாங்கிக்கொள்வாராம், அதிலும் கொஞ்சம் கழித்து.