அச்சுப் பக்கங்களைப் படமெடுக்க எந்தக் கேமரா? மூலையில் இருக்கும் எழுத்தைக் கேளுங்கள்

என்னிடம் இருப்பவை பைண்டு செய்த பழைய இதழ்த் தொகுதிகள். ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு பிளந்துவிடும், அதனால் மேலிருந்து படமெடுப்பதுதான் ஒரே வழி. இந்த வேலைக்கென்று மூன்று கருவிகளைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். கடைசியில் என்னிடம் தங்கியது பழைய கேனான் இஓஎஸ் 200டி கேமரா, அதோடு இஎஃப்-எஸ் 60 மிமீ மேக்ரோ லென்ஸ் (சிறிய பொருள்களைக் கிட்டத்தில் நுணுக்கமாக எடுப்பதற்கானது). இரண்டுமே ஒருவர் பயன்படுத்தியதை வாங்கியவைதான்.

முதலில் மெகாபிக்சல் கணக்கை முடித்துவிடுவோம், எல்லோரும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுக்க 2480 × 3508 பிக்சல் போதும், அதாவது 9 மெகாபிக்சல்கூட இல்லை. 24 மெகாபிக்சல் கேமராவில் 6000 × 4000 கிடைக்கிறது, ஏ4 தாளை அதில் முழுக்க நிரப்பினால் அங்குலத்துக்குச் சுமார் 480. ஓசிஆருக்கு (படத்தில் இருக்கும் எழுத்தைக் கணினியே படித்து உரையாக்குவது) 300 தாராளம், அதற்கு மேல் கிடைப்பது பொடி எழுத்து அடிக்குறிப்புகளுக்கு உதவும். ஆகவே 24க்கு மேல் காசு செலவழிக்க வேண்டாம், அந்தக் காசை லென்ஸுக்கு வையுங்கள்.

ஏன் லென்ஸ் என்றால், நான் முதலில் வாங்கியது நீண்ட ஜூம் கொண்ட ஒரு சிறிய கேமரா, பெயர் வேண்டாம். மெகாபிக்சல் எண்ணிக்கை நன்றாகவே இருந்தது. பக்கத்தின் நடுவில் எழுத்து கூர்மை, ஓரத்துக்குப் போகப் போகக் கரைந்து, கடைசி வரியில் ‘க்’ எது ‘க’ எது என்று எனக்கே தெரியவில்லை. தமிழ் அச்சில் புள்ளி போனால் சொல்லே போச்சு. முந்நூறு பக்கம் எடுத்து முடித்த பிறகுதான் கவனித்தேன், அத்தனையும் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அதோடு, அகலக் கோணத்தில் எடுத்ததால் நேர்வரிகள் பீப்பாய் மாதிரி வெளியே புடைத்திருந்தன.

மேக்ரோ லென்ஸ் தட்டையான பரப்பை மூலை வரை ஒரே கூர்மையில் பிடிக்கும் விதமாகச் செய்யப்படுவது, கோடுகளும் நேராக நிற்கும். 60 மிமீ லென்ஸில் ஒரு சங்கடம் உண்டு: இந்தக் கேமராவின் சென்சாரில் (படம் பதியும் சில்லு) ஏ4 முழுதாக அடங்க லென்ஸ் தாளிலிருந்து ஏறக்குறைய 90 செமீ உயரத்தில் இருக்க வேண்டும். மேசைமேல் நிற்கும் குட்டை ஸ்டாண்டு என்றால் 35 மிமீ மேக்ரோ பாருங்கள், பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல் உயரமே போதும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸும் மோசமில்லை, 35க்கு மேல் வைத்து லென்ஸ் துவாரத்தை எஃப்/8இல் வைத்து எடுத்தால் சாதாரணப் பக்கங்களுக்குச் சரியாகவே வரும்.

200டியை நான் விடாமல் வைத்திருக்க முக்கியக் காரணம் அதன் மடக்கித் திருப்பும் திரை. கேமரா தரையைப் பார்த்துத் தொங்கும்போது திரை அசையாத ரகமாக இருந்தால், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்க்க வேண்டும், கழுத்து போய்விடும். இதில் திரையை என் பக்கம் திருப்பி, உட்கார்ந்தபடியே பத்து மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் சரிபார்க்கிறேன், பிறகு ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுகிறேன். யூஎஸ்பி கம்பி போட்டால் கணினியிலிருந்தே எடுக்கலாம், கை படாததால் அதிர்வும் இல்லை. இப்படித் திரையிலேயே பார்த்து எடுக்கும் லைவ் வியூ எந்தக் கேமராவிலும் பேட்டரியைச் சாப்பிடும், அதனால் வாங்கும் முன் அந்த மாடலுக்கு மின்சார அடாப்டர் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

போன் போதாதா என்று கேட்பீர்கள். 12 மெகாபிக்சல் போனில் ஏ4 பக்கத்துக்கு அங்குலத்துக்கு 345 வரை கிடைக்கிறது, பத்துப் பதினைந்து தாள் என்றால் அதுவே போதும். ஆனால் அகலக் கோண லென்ஸ் என்பதால் கிட்டே போக வேண்டியிருக்கிறது, பைண்டிங்கின் வளைவு மிகைப்பட்டுத் தெரிகிறது, போதாக்குறைக்குப் போனே எழுத்தைக் கூர்மையாக்குகிறேன் என்று விளிம்பில் வெள்ளைக் கோடு போட்டுவிடுகிறது.

எது வாங்கினாலும் ஃபிளாஷை மறந்துவிடுங்கள். வழவழப்பான தாளில் அது வெள்ளைத் திட்டாக விழும். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரியான இரண்டு விளக்குகள், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, இரண்டு விநாடி டைமர். ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸில் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசர் இருந்தால் அணைத்துவிடுங்கள். கேமரா தாளுக்கு நேர் இணையாக இருக்கிறதா என்று பார்க்க, பக்கம் இருக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியைப் படுக்க வையுங்கள், திரையின் நட்டநடுவில் லென்ஸின் பிம்பம் தெரிந்தால் சரி. இதைக் கற்றுக்கொண்ட பிறகு படங்களைக் கணினியில் நிமிர்த்தும் வேலையே எனக்கு இல்லாமல் போனது.

கடையிலோ, பழையது விற்பவரிடமோ பார்க்கப் போகும்போது பொடி எழுத்துள்ள ஒரு தாளைக் கையோடு கொண்டுபோங்கள். சுவரில் ஒட்டி நேராக ஒரு படம் எடுத்து, நடுவைப் பார்க்காமல் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளி வைத்த எழுத்தில் புள்ளி தெரியாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.